ஒத்தப்புளி ஓடைக்கு வாக்குக் கொடுத்த செல்லப்பாண்டி அவர்களுக்கு

கப்பல் சுமந்து வந்த கனத்தையெல்லாம் கரிசல் காடு தாண்டிக் கரைசேர்த்த கால்களுக்குச் சொந்தக்காரரே! வளைவு எத்தனை, வாராவதி எத்தனை, வழியில் தாழ்ந்து தொங்கும் வயர் எத்தனை என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கும் வல்லவரே! மூங்கில் கழியும் மூக்குமேல் கோபமுமாக முப்பத்தோரு ஆண்டு எங்கள் வண்டிகளுக்கு முன்னே நடந்தவரே! எம்.ரெட்டியபட்டி பெற்றெடுத்து, பந்தல்குடி யார்டு தத்தெடுத்த எங்கள் ரூட் சர்வேயர், அன்பு அண்ணன் செல்லப்பாண்டி அவர்களே! வணக்கம்.

விளித்தாயிற்று. பணி ஓய்வுப் பாராட்டு மடலின் முறைப்படி இனி "நீங்கள், நீங்கள்" என்று அவர் முகத்தைப் பார்த்தே புகழ வேண்டும். ஆனால் நேற்று டீக்கடையில் வைத்துத் தெளிவாகவே சொல்லிவிட்டார்: "ஏப்பா, என் மூஞ்சியப் பாத்து வாசிச்சீகன்னா பாதியிலயே எந்திரிச்சுப் போயிருவேன். சொல்லணும்னா சபைக்குச் சொல்லுங்க. நடந்தத மட்டும் சொல்லுங்க. பொன்மனம், பூமனமெல்லாம் வேணாம்." அவர் போய்விடுவார் என்பது எங்களுக்குத் தெரியும், போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆகையால், சபையோரே, அவர் பக்கம் திரும்பாமல் உங்களிடமே சொல்கிறோம்.

இங்கே வந்திருக்கும் குடும்பத்தார் பலருக்கு இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. "உங்க வீட்டுக்காரரு அப்படி என்னதான் வேல பாக்குறாரு?" என்று சோலையம்மாள் அக்காவிடம் கேட்டால், "ரோட்டுல நடக்குறாரு" என்பார். சத்தியமான வார்த்தை. தூத்துக்குடி ஹார்பரில் ஒரு வீட்டளவு இயந்திரம் வந்து இறங்கும். சாதாரண லாரி அதன் பாரத்தில் உட்கார்ந்துவிடும். நூற்றுக்கு மேல் சக்கரம் உள்ள ஆக்ஸில் வண்டியில் ஏற்றி, முன்னே ஒரு புல்லர் இழுக்க, பின்னே ஒரு புல்லர் தள்ள, ஆள் நடக்கிற வேகத்தில் கொண்டுபோக வேண்டும். போகிற வழியில் எந்த வயர் தட்டும், எந்தத் திருப்பத்தில் வால் இடிக்கும், எந்தப் பாலம் இந்தக் கனத்தைத் தாங்காது என்று முன்கூட்டியே பார்த்து எழுதித் தருகிறவர்தான் ரூட் சர்வேயர். அவர் எழுத்தில் ஒரு விரற்கடை தப்பினால், நடுரோட்டில் ஊரே நிற்கும்.

மற்ற கம்பெனி சர்வேயர்கள் ஜீப்பில் போவார்கள். செல்லப்பாண்டி அண்ணன் நடந்தே போவார். "ஜீப்புல போறவனுக்கு ரோடு தெரியும், மேடு தெரியாது" என்பார். போகும்போது மேலே பார்த்துப் போவார்: வயர், கிளை, பேனர். வரும்போது கீழே பார்த்து வருவார்: பள்ளம், மதகு, பாலத்து விரிசல். ஹார்பரிலிருந்து அருப்புக்கோட்டை வரைக்கும் ஒவ்வொரு லோடுக்கும் இப்படி இரண்டு நடை. காரியாபட்டிப் பக்கம் ஒரு வேப்பங்கிளையை வெட்ட ஆள் வந்து நின்றபோது, "அச்ச நாலு அங்குலம் இறக்குலே, கிளை அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று வண்டியையே குனிய வைத்துக் கொண்டுபோனவர். அந்த நாலு அங்குலத்துக்காக டிரைவரோடு அரை மணி நேரம் சண்டை போட்டவரும் அவரே.

குறையும் சொல்லிவிடுகிறோம். கோபக்காரர். தான் எழுதியதை மற்றவர் திருத்தினால் இரண்டு நாள் பேச மாட்டார். டீயில் சீனி கூடினால் அதற்கு ஒரு பாட்டு. இருந்தாலும் அவர் எழுதிக் கொடுத்த வழியில் எங்கள் வண்டி தட்டியதும் இல்லை, முட்டியதும் இல்லை. ஒரே ஒரு தரம் நின்றது. இந்த மடல் அந்த ஒரு தரத்தைப் பற்றியது. அதைச் சொல்லத்தான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர், மேடையில் உட்கார்ந்திருக்கும் நம் மேனேஜர் செல்வக்குமார் அவர்களே. கதையில் அவரும் வருகிறார், அவ்வளவு நல்ல விதமாக அல்ல.

ஆறு வருஷத்துக்கு முந்தி, திருச்சுழிக்குக் கிழக்கே கட்டிய புது சப்ஸ்டேஷனுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் கப்பலில் வந்தது. நூற்றறுபது டன். அருப்புக்கோட்டை தாண்டித் திருச்சுழி ரோட்டில் ஒத்தப்புளி என்று ஒரு சின்ன ஊர். ஊருக்கு முன்னால் ஒரு ஓடை. ஓடைமேல் ஒரு பழைய பாலம். பாலம் தாங்காது என்று அண்ணன் எழுதினார். அப்படியானால் பாலத்துக்குப் பக்கத்திலேயே ஓடைக்குள் சரளை கொட்டி, உருளை விட்டு அமுக்கி, தற்காலிகமாக ஒரு ரோடு போட வேண்டும். வண்டி ஓடைக்குள் இறங்கி ஏறிப் போய்விடும்.

அந்த ரோட்டுக்கு அடியில் நான்கு சிமெண்டுக் குழாய் பதிக்க வேண்டும் என்று திட்டத்தில் இருந்தது, தண்ணீர் வந்தால் குழாய் வழியாகப் போவதற்கு. அண்ணன் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். குழாய் பதிக்க ஒரு வாரம் ஆகும், கப்பலோ நெருங்கிவிட்டது. அதைவிடப் பெரிய காரணம், அவர் இந்த மண்ணுக்காரர். அந்த ஓடையில் தண்ணீர் ஓடிப் பதினோரு வருஷம். ஓடைக்குள் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். சர்வே படிவத்தில் "தண்ணீர் வரத்து" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் "இல்லை" என்று எழுதினார்.

ஊராரிடம் சம்மதம் வாங்கப் போன அன்று, கண்மாய்ச் சங்கத் தலைவி காளீஸ்வரி ஒரு கேள்வி கேட்டார். அவருக்குக் கண்மாய்க்குக் கீழே ஒன்றரை ஏக்கர்.

"ஏண்ணே, நீங்க மண்ணக் கொட்டி அடைச்சிருவீக. தண்ணி வந்தா?"

அண்ணன் சிரித்தார். கூடியிருந்த ஊரும் சிரித்தது. அந்தச் சிரிப்பை வெளியூர்க்காரர் யாரும் சிரித்திருக்க முடியாது. மேகத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது.

"தாயி, தண்ணி மட்டும் வரட்டும், நானே மம்பட்டியத் தூக்கிட்டு வந்து வெட்டிவிடுறேன்" என்றார் அண்ணன்.

"சொல்லிட்டீக. ஊரே கேட்டிருக்கு" என்றார் காளீஸ்வரி. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. டிரான்ஸ்பார்மர் இறங்கியது. டிரைவர் பாண்டிராஜ் புல்லரை எடுத்தார். எட்டயபுரம், பந்தல்குடி, அருப்புக்கோட்டை என்று எல்லாம் அண்ணன் எழுதிக் கொடுத்தபடியே நடந்தது. நாலாம் நாள் காலையில் வண்டி அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே நின்றது. ஒத்தப்புளி ஓடைக்கு இன்னும் மூன்று மணி நேர நடை. அண்ணன் முன்கூட்டியே ஓடைக்குப் போய்விட்டார். முந்தின நாள் சாயங்காலம் மேற்கே கொட்டோ கொட்டென்று மழை கொட்டிய சேதி அவர் காதுக்கும் எட்டியிருந்தது. ஆனாலும் தண்ணீர் இவ்வளவு தூரம் வரும் என்று அவர் நம்பவில்லை.

பத்தரை மணிக்கு வந்தது. சத்தம் முதலில், அப்புறம் நுரை, கருவேல நெத்து, ஒரு ஒற்றைச் செருப்பு, அதற்குப் பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர். எங்கள் சரளை ரோட்டில் வந்து முட்டி நின்றது. கணுக்கால் அளவு, கெண்டைக்கால் அளவு, முழங்கால் அளவு. இடதுபக்கம் கரை தாழ்வு. அங்கே ஏறினால் பருத்திக் காட்டுக்குள் புகுந்து, ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்து வேறு பக்கம் போய்விடும். அடைப்புக்கு மறுபக்கம், ஓடை போய்ச் சேரும் இடத்தில், பதினோரு வருஷமாக வாய் பிளந்து கிடந்தது ஒத்தப்புளிக் கண்மாய்.

ஊர் ஓடி வந்தது. யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் அண்ணனுக்குப் பயமாக இருந்தது. காளீஸ்வரி மட்டும் முன்னால் வந்து, கையிலிருந்த மம்பட்டியை நீட்டினார்.

"இந்தாங்கண்ணே."

அண்ணன் போனை எடுத்தார். செல்வக்குமார் சார் அப்போது ஹார்பரில் இருந்தார்.

"எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாது, செல்லப்பாண்டி. இன்னும் மூணு மணி நேரம். லோடு தாண்டுன உடனே நீங்க வெட்டிக்கோங்க, நான் வேண்டாங்கல."

"சார், மூணு மணி நேரத்துல தண்ணி காட்டுக்குள்ள போயிரும் சார். மழைத் தண்ணி, நின்னு வராது. இப்ப விட்டா உண்டு, விடலைன்னா கண்மாய்க்கு இல்ல."

"வெட்டுனா லோடு எப்பப் போகும்னு சொல்லுங்க."

அண்ணனுக்குப் பதில் தெரியும். ஓடை வற்றி, சேறு காய்ந்து, மறுபடி சரளை கொட்டும்வரைக்கும் போகாது. வாரக்கணக்கு ஆகும். அவ்வளவு நாளும் சப்ஸ்டேஷன்காரர்கள் நம் கம்பெனியைச் சும்மா விட மாட்டார்கள்.

"வெட்டுனீங்கன்னா நாளையிலருந்து வேலைக்கு வர வேண்டாம். இது நான் கோபத்துல சொல்லல" என்றார் செல்வக்குமார் சார். கோபத்தில்தான் சொன்னார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அடுத்து பாண்டிராஜ் கூப்பிட்டார். "அண்ணே, நான் வந்துக்கிட்டே இருக்கேன். எப்பிடியாச்சும் இழுத்துப் பிடிங்க. மூட்டையப் போட்டு இடது கரைய ஏத்துனா நிக்கும்ல?"

நிற்கும். அதுதான் வேதனை. ஐம்பது மணல் மூட்டை அடுக்கினால் மூன்று மணி நேரம் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். நின்றால் வேலையும் இருக்கும், லோடும் தாண்டும், யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. நிற்காவிட்டால் கண்மாய்க்கு அடுத்த தண்ணீர் எப்போதோ. ஐம்பத்து நான்கு வயதில் வேறு வேலை யார் கொடுப்பார்கள் என்றும் அவர் நினைத்தார். அதை நினைக்கவில்லை என்று நாங்கள் எழுதினால் அவரே எழுந்து மறுப்பார்.

மம்பட்டியை வாங்கினார். ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார். உருளை விட்டு அமுக்கிய சரளை. மம்பட்டி துள்ளியதே தவிர மண் பெயரவில்லை. தோள்பட்டை தெறித்தது. திரும்பி, சரளை ரோடு போட வந்திருந்த பொக்லைன் நின்ற இடத்துக்கு நடந்தார். ஓட்டுநர் ராஜபாண்டி சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார்.

"அண்ணே, எனக்கும் சேத்து வேல போயிரும்ணே."

"நீ இறங்கு. நான் ஓட்டுறேன்."

"சாவிய நான் குடுக்கலண்ணே. நீங்க பிடுங்கிட்டீக. அப்படித்தான் சொல்லுவேன்."

"அப்படியே சொல்லு."

ராஜபாண்டி சாவியை அண்ணன் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பிடுங்கியதற்கு அடையாளமாக இரண்டு எட்டுத் தள்ளிப் போய் நின்றார். அண்ணன் பொக்லைன் ஓட்டி இருபது வருஷம் ஆகியிருந்தது. முதல் வாரல் காற்றில் போனது. இரண்டாவது வாரல், பாலத்துக் கைப்பிடியை உரசியது. ஐந்தாவதில் சரளை வாய் திறந்தது. அதற்குப் பிறகு யாரும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. மிச்சத்தைத் தண்ணீரே அறுத்துக்கொண்டு போனது.

ஊர் அவருக்கு நன்றி சொல்லவில்லை. தண்ணீருக்குப் பின்னாலேயே கண்மாயைப் பார்த்து ஓடிவிட்டது, ஒரு ஆள் பாக்கி இல்லாமல். பொக்லைனும் அண்ணனும் மட்டும் கரையில் நின்றார்கள். அவர் பாண்டிராஜுக்குப் போன் போட்டு, "வண்டிய ஓரம் கட்டுடா. ரோடு இல்ல" என்றார். அப்புறம் பொக்லைன் படியில் உட்கார்ந்து அழுதார். இதை ராஜபாண்டி ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை; இந்த மடலுக்காகத்தான் சொன்னார். அண்ணன் மன்னிக்க வேண்டும்.

மறுநாள் அவரை வேலையிலிருந்து நிறுத்திக் கடிதம் வந்தது. விளக்கம் கேட்டிருந்தார்கள். தண்ணீர் கரையை மீறும் ஆபத்து என்று எழுதலாம், ஊர்மக்கள் மிரட்டினார்கள் என்று எழுதலாம், எழுதினால் தப்பிக்கலாம் என்று நாங்கள் எல்லோரும் யோசனை சொன்னோம். அவர் எழுதியது இவ்வளவுதான்; அலுவலகக் கோப்பில் இருந்து அப்படியே வாசிக்கிறோம்:

"குழாய் வேண்டாம் என்று அடித்தது நான். தண்ணீர் வரத்து இல்லை என்று எழுதியதும் நான். வந்தால் வெட்டுவேன் என்று வாக்குக் கொடுத்ததும் நான். வேறு யார் மீதும் பிழை இல்லை. இந்த மண்ணில் பிறந்தவன் அப்படி எழுதியிருக்கக் கூடாது."

டிரான்ஸ்பார்மர் ரோட்டோரத்தில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. வேலை இல்லாத மனிதர் தினமும் எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்த்து, சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "உங்களத்தான் வேண்டாம்னுட்டாகளே, பெறகு எதுக்கு அலையிறீக?" என்று சோலையம்மாள் அக்கா கேட்டாராம். "நான் நிப்பாட்டுன வண்டி, நான்தான் பாக்கணும்" என்றாராம்.

யாரும் எதிர்பாராமல் அப்புறமும் மழை விட்டுவிட்டுப் பெய்ததில், பதினேழாம் நாள்தான் ஓடையில் வேகம் குறைந்து கால்வாய் அளவு ஓடியது. செல்வக்குமார் சார் வேறொரு சர்வேயரைக் கூட்டிக்கொண்டு ஒத்தப்புளிக்குப் போனார், மறுபடி சரளை கொட்டச் சம்மதம் கேட்க. கண்மாய் தளும்பி நின்றது. காளீஸ்வரி கரைமேல் நின்றே பேசினார்.

"ரோடு போட்டுக்கோங்க சார். எங்க ஊரு டிராக்டரே மண்ணு அடிக்கும். ஆனா அளக்குறதுக்கு அந்த அண்ணன் வரணும். அவுக வந்து நடந்து பாத்துச் சொன்னாத்தான் ஓடையில மண்ணு விழும். இல்லேன்னா உங்க பெட்டி அங்கனயே நிக்கட்டும், எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"அவரை நாங்க வேலையிலருந்து எடுத்துட்டோம்மா" என்றார் சார்.

"எடுத்த வேலையத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க" என்றார் காளீஸ்வரி.

இதைச் சொல்லும்போதெல்லாம் செல்வக்குமார் சார் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. மூன்று நாள் கழித்து அவரே ரெட்டியபட்டிக்குக் காரில் போய், வீட்டு வாசலில் நின்று, "வாங்க செல்லப்பாண்டி, நடக்கணும்" என்று கூப்பிட்டார்.

அண்ணன் வந்தார். மேலே பார்த்து ஒரு நடை, கீழே பார்த்து ஒரு நடை. திட்டத்தில் நான்கு குழாய் இருந்தது. ஆறு என்று திருத்தினார். ஊர் டிராக்டர்கள் மண் அடித்தன. வண்டி ஓடைக்கு வந்த அன்று முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்லி காளீஸ்வரியைக் கூப்பிட்டார்கள். நூற்றறுபது டன் மேலே ஆள் நடை வேகத்தில் போக, அடியில் குழாய் வழியே தண்ணீர் தன் பாட்டுக்குக் கண்மாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் அச்சைப் பார்க்கவில்லை, வயரைப் பார்க்கவில்லை. குனிந்து குழாயையே பார்த்துக்கொண்டு கூட நடந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் கம்பெனி எந்த ஓடைக்குள் ரோடு போட்டாலும் குழாய் இல்லாமல் போட்டதில்லை. யார்டில் அதற்குச் "செல்லப்பாண்டி குழாய்" என்றே பெயர். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்காது. இன்று முதல் அவர் திட்ட முடியாது என்பதால் இனிமேல் சத்தமாகவே சொல்வோம்.

அண்ணே, கடைசிச் சில வரிக்கு மட்டும் உங்கள் பக்கம் திரும்புகிறோம். எழுந்து போய்விடாதீர்கள்.

உங்கள் முழங்கால் நீங்கள் நினைக்கிற தூரமெல்லாம் உங்களோடு வரட்டும். சோலையம்மாள் அக்கா ஊற்றும் டீயில் சீனி அளவாக இருக்கட்டும். நோய் தட்டாமல், நொடி முட்டாமல், பேரன் பேத்தி கைபிடித்து நடக்க நீங்கள் நெடுங்காலம் நிறைவாக வாழுங்கள். இந்த மடலை மாட்ட ஆணி அடிக்கும்போது உயரம் சரியில்லை என்று எங்களுக்குப் போன் போடாதீர்கள். எப்படி மாட்டினாலும் நீங்கள் திருத்துவீர்கள் என்று தெரியும்.

போன வாரம் நீங்கள் எழுதிக் கொடுத்த கடைசி சர்வே எங்கள் மேசைமேல் இருக்கிறது. காரியாபட்டிக்குத் தெற்கே ஒரு வாய்க்கால். போய்ப் பார்த்தோம். கருவேலம்கூடக் காய்ந்து நிற்கிறது. தண்ணீர் போன தடம் எது, மாட்டு வண்டித் தடம் எது என்று தெரியவில்லை. "தண்ணீர் வரத்து" என்ற கட்டத்தில், ஆறு வருஷமாக எல்லாப் படிவத்திலும் எழுதுவதையே அதிலும் எழுதியிருக்கிறீர்கள்:

"வரும். குழாய் போடவும்."

போடுகிறோம், அண்ணே.

இப்படிக்கு,
உங்கள் பின்னால் வண்டி ஓட்டிய, உங்களிடம் திட்டு வாங்கிய
பந்தல்குடி யார்டுப் பணியாளர்கள் அனைவரும்